காரில் வந்து காலால் பார்க்கும் மதுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளி விடுமுறை விட்டால் போதும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உறவினர்களும் நண்பர்களும் காரில் கிளம்பிவிடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு எனக்குப் போன் வரும். வருடத்துக்கு வருடம் அதே கேள்விகள்தான். பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது: காரைப் பழைய நகரத்தைச் சுற்றிய வெளி வீதியைத் தாண்டி உள்ளே கொண்டுவராதீர்கள், ஊரின் விளிம்பில் இறங்கி, கோயிலை நோக்கி நடந்து வாருங்கள்.

கோயில் வாசல் வரை கார் போகுமா?

போகாது. கோயில் மதிலை ஒட்டிய சித்திரை வீதிகள் நான்கிலும் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு அடுத்த சுற்றான ஆவணி மூல வீதி வரை போகலாம். வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடமும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே போய்ச் சேர அதற்கும் வெளிச் சுற்றான மாசி வீதியைக் கடக்க வேண்டுமே, அதுதான் பாடு. சில வருடங்களுக்கு முன்பு தீபாவளிக்கு முந்தின வாரம், சித்தப்பாவின் காரை நானே வழி சொல்லித் தெற்கு மாசி வீதிக்குள் கொண்டுபோனேன். முன்னால் ஒரு சரக்கு லாரி, பின்னால் இருபது பைக், இரண்டு பக்கமும் துணி வாங்க வந்த கூட்டம். முன்னும் போக முடியாமல் பின்னும் எடுக்க முடியாமல் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அத்தனை தூரம் ஊர் பார்க்க வந்த சித்தி அன்று மாலை பார்த்தது அந்த லாரியின் பின்பலகையை மட்டும்தான். அன்றிலிருந்து யாரையும் காரோடு உள்ளே வரச் சொல்வதில்லை.

தங்குவதாக இருந்தால் ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோட்டிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் நிறைய விடுதிகள் இருக்கின்றன. அறை கேட்கும்போதே, 'கார் நிறுத்த இடம் உண்டா, எத்தனை கார் நிற்கும்' என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்கள், நாலு கார் நின்றால் நிறைந்துவிடும். கூட்டம் அதிகமான நாட்களில் ஆற்றுக்கு வடக்கே அறை எடுத்துக் காரை அங்கேயே விட்டுவிட்டு, பெரியார் பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் பிடிப்பது நிம்மதி.

எந்த வழியாக வருவது நல்லது?

சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி வழியாகச் சுமார் 460 கிலோமீட்டர். கோவையிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக 215. பெங்களூரிலிருந்து சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக 435. எல்லாமே நல்ல சாலை. இதில் திருச்சிப் பக்கமிருந்து வருபவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. மேலூர் தாண்டி ஒத்தக்கடையை நெருங்கும்போது, வலப்பக்கம் ஒரு பெரிய பாறை, யானை துதிக்கையை நீட்டிப் படுத்திருப்பது போல, தெரியும். அதுதான் யானைமலை. ஊர் வந்துவிட்டது என்பதற்கு எங்களுக்கு அதுதான் அடையாளம்; ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் தூங்குகிறவர்களைக்கூட எழுப்பிக் காட்டுவார்கள்.

அவசரம் இல்லையென்றால் ஒத்தக்கடையில் திரும்பி, மலையடிவாரத்து நரசிங்கம் கோயிலைப் பார்த்துவிடுங்கள். பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770இல் குடைவித்த குகைக் கோயில் அது. வேலை முடியுமுன் அவர் இறந்துவிட, முன்மண்டபத்தைக் கட்டி முடித்தவர் தம்பி மாறன் எயினன். அண்ணன் விட்ட இடத்தைத் தம்பி தொட்டு முடித்த கதையைக் கல்வெட்டே சொல்கிறது. அங்கே அரை மணி நேரம் செலவழித்துவிட்டு ஊருக்குள் வந்தால், மதுரைக்கு எத்தனை வயது என்பது பற்றி ஒரு மனக்கணக்கு கிடைத்துவிடும்.

நடையை எங்கிருந்து தொடங்குவது? நேரே கோயிலுக்குப் போனால் என்ன?

போகலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் போகிறார்கள்; தரிசனம் முடித்து, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு, காரில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது கோயிலை. ஊரைப் பார்ப்பதில்லை.

மதுரையின் பழைய நகரம் சதுரத்துக்குள் சதுரமாகக் கட்டப்பட்டது. நடுவில் கோயில். மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நாலு பக்கம். கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. இது தெரிந்தால் போதும், இந்த ஊரில் யாரும் வழி தவற முடியாது. வழி கேட்டால் கடைக்காரர் இடது வலது என்று சொல்லமாட்டார், 'கீழே போய் வடக்கே திரும்புங்கள்' என்பார். ஏதாவது ஒரு சந்தில் குழம்பிப்போனாலும் நிமிர்ந்து பார்த்துக் கோபுரத்தைத் தேடுங்கள்.

வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. நாயக்கர் காலக் கோட்டை அது. 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பது ஊரில் வழங்கும் கணக்கு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன், நெரிசலில் மூச்சுத் திணறிய ஊரை விரிவாக்க, சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த இடத்தில் பிறந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரும் தெருவாக நிற்கிறது: நில அளவையர் மாரட் பெயரில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டர் பெயரோடு அளவுகாரர் பெயரையும் மேஸ்திரி பெயரையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கும் ஊர் இது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

ஆகவே நான் எப்போதும் பெரியார் பஸ் நிலையத்தில்தான் தொடங்குவேன். அதாவது பழைய கோட்டையின் மேற்கு விளிம்பில். கோட்டையின் ஒரு துண்டு அங்கே இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை. அங்கிருந்து கூடல் அழகர் கோயில் நாலு எட்டு. எட்டு அங்கங்கள் கொண்ட விமானம். பெருமாள் இருந்த, நின்ற, கிடந்த கோலங்கள் மூன்றிலும் அடுத்தடுத்த தளங்களில் இருக்கிறார். பிறகு மேல மாசி வீதி, வடக்கு மாசி வீதி, கீழ மாசி வீதி என்று ஒரு சுற்று, விளக்குத்தூண், திருமலை நாயக்கர் மஹால், கடைசியில் தெற்கு ஆவணி மூல வீதி வழியாகச் சித்திரை வீதிக்குள் நுழைய வேண்டும். அந்த நேரத்தில் கோபுரம் கண்ணெதிரே எழும்போது, அது ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்று கால்களுக்கே புரியும்.

மாசி வீதி என்று பெயர். தேர் ஓடுவதோ சித்திரையில். ஏன்?

மிக நல்ல கேள்வி. அக்காள் மகள் ஏழாவது படிக்கும்போது கேட்டாள். அந்தந்த மாதத் திருவிழாவில் சுவாமி எந்த வீதியைச் சுற்றுகிறாரோ, அந்த மாதத்தின் பெயர் வீதிக்கு வந்தது. ஆவணி மூலத் திருவிழாவுக்கு ஆவணி மூல வீதி, ஆடி முளைக்கொட்டுக்கு ஆடி வீதி. மாசியில் நடந்த பெருவிழாவைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் (ஆட்சிக் காலம் 1623–1659). அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு அதை இணைத்ததால் சைவக் கூட்டமும் வைணவக் கூட்டமும் ஒரே நேரத்தில் ஊரில் கூடின. ஆனால் பெரிய தேர் திரும்ப அகலமான வீதி வேண்டும். ஆகவே தேர் மட்டும் மாசி வீதியிலேயே ஓடுகிறது. மாதம் மாறிவிட்டது, வீதியின் பெயர் மாறவில்லை.

கீழ மாசி வீதியில் தேர் நிற்கும் இடத்தைத் தேர்முட்டி என்போம். வருடத்தில் மற்ற நாட்களில் தேர் தகரக் கொட்டகைக்குள் மூடிக் கிடக்கும். அந்த வீதியே பலசரக்கு மொத்த வியாபார வீதி. மிளகாய் வற்றல் மூட்டை இறங்கும்போது தெருவே தும்மும். நாங்கள் அந்த நெடியில் வளர்ந்தவர்கள். வெளியூரில் எங்காவது மல்லியும் மிளகாயும் கலந்த வாசம் வந்தால் எனக்கு வீடு ஞாபகம் வந்துவிடும்.

மேல மாசி வீதியில் காந்தி தங்கிய வீடு இருக்கிறதாமே?

இருக்கிறது. மாடியில் ஒரு அறை, கீழே கதர்க் கடை. 1921 செப்டம்பர் 22 அன்று அந்த வீட்டிலிருந்துதான் காந்தி முதன்முதலாக அரையாடையோடு வெளியே வந்தார். ரயிலில் வரும் வழியில் கதர் உடுத்தாதவர்களிடம் பேசியபோது, 'வாங்கக் காசில்லை' என்று அவர்கள் சொன்ன பதில் அவரை உலுக்கியிருந்தது. மேலாடையும் தொப்பியும் அன்றோடு போயின. எத்தனையோ பேர் அந்த வாசலைத் தாண்டிச் செருப்பு வாங்கப் போகிறார்கள். நீங்கள் ஒரு நிமிடம் படியேறிப் பாருங்கள். படி செங்குத்து, பெரியவர்களைக் கைப்பிடித்து ஏற்றுங்கள்.

அதே வீதியில் இன்மையில் நன்மை தருவார் கோயிலும் இருக்கிறது. சிவனே அமர்ந்து சிவலிங்கத்தைப் பூஜிக்கும் கோலம். லிங்கத்தின் பின்புறத்தைத்தான் நாம் வணங்குகிறோம். பக்கத்திலேயே மதனகோபால சுவாமி கோயில். இந்தக் கோயிலின் ஒரு மண்டபத் தூண்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. 1912இல் இங்கே வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, கோயில் வளாகத்தில் குவித்துக் கிடந்த தூண்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். இதைக் கேட்டதும் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வருத்தம்தான் மிஞ்சும்: குவித்துப் போட்டவர்கள் நம்மவர்கள்தானே.

ஆட்டோவில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதாதா?

நாலு மாசி வீதியையும் சாவகாசமாக நடந்தால் ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆட்டோவில் போனால் தெருப் பெயர்ப் பலகையைக்கூடப் படிக்க முடியாது. பெயர்களைப் படிப்பதற்காகவே நடக்கலாம். எழுத்தாணிக்காரத் தெரு: ஓலையில் எழுதும் எழுத்தாணி செய்தவர்களின் தெரு. வெண்கலக் கடைத் தெரு. வளையல்காரத் தெரு. நவபத்கானா தெரு: அரண்மனை மேளம் வாசித்தவர்களின் இடம். தொழில் போய்விட்டது, சில தெருவில் ஆளும் மாறிவிட்டார்கள், பலகை மட்டும் சாட்சி சொல்கிறது.

விளக்குத்தூணில் என்ன விசேஷம்?

தெற்கு மாசி வீதியும் கீழ மாசி வீதியும் சந்திக்கும் முக்கில், அகழியைத் தூர்த்த அதே பிளாக்பர்னுக்கு ஊர் மக்கள் வைத்த நினைவுத் தூண் அது. இரும்புத் தூண், உச்சியில் விளக்கு. சுற்றிலும் ஜவுளிக் கடைக் கூட்டம். பக்கத்துச் சந்துக்குள் போனால் பத்துத்தூண்: பத்துப் பிரம்மாண்டமான கல் தூண்கள், கூரை எதுவும் இல்லாமல், வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே வரிசையாக நிற்கும். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். மஹாலைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மஹாலிலிருந்து இவ்வளவு தள்ளி அரண்மனையின் தூண் நிற்கிறது என்றால், முழு அரண்மனை எங்கிருந்து எங்கு வரை பரந்திருக்கும் என்று நின்று யோசிக்கலாம்.

திருமலை நாயக்கர் மஹாலுக்கு எவ்வளவு நேரம்?

ஒரு மணி நேரம் வையுங்கள். 1636இல் கட்டியது. இப்போது நாம் பார்ப்பது மொத்த அரண்மனையில் கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனது போக, மிஞ்சியதும் பாழடைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு செப்பனிட ஏற்பாடு செய்தார். பின்னர் நூறு ஆண்டுகளுக்குப் பக்கமாக இதில் நீதிமன்றம் நடந்தது; 1970இல்தான் காலி செய்தார்கள். என் தாத்தா ஒரு நில வழக்குக்காகப் பல வருடம் இந்தத் தூண்களுக்கிடையே வாய்தா வாங்கி நடந்திருக்கிறார். அவருக்கு இது மஹால் அல்ல, கோர்ட்டுதான்.

தூண் ஒன்றைக் கைவிரித்துக் கட்டிப் பாருங்கள். மூன்று பேர் கைகோத்தால்தான் சுற்று முழுமையாகும்.  மேலே சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்த பூச்சு. கன்னத்தை வைத்தால் வெயில் நாளிலும் குளிர்ச்சி தெரியும். அந்தப் பூச்சின்மேல்தான், கை எட்டும் உயரம் வரை, ஆணியாலும் சாவியாலும் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வழவழப்பாக நின்ற பூச்சை ஒரு சாவியால் ஒரு நிமிடத்தில் பிளந்துவிட முடிகிறது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கிறுக்கலைக் காட்டி, இப்படிச் செய்யக் கூடாது என்று அங்கேயே சொல்லுங்கள். நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடம் சொர்க்க விலாசம்: உத்தரமே இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே தாங்கும் குவிமாடம்.

மீனாட்சி கோயிலுக்குள் போக எந்த வாசல்? எவ்வளவு நேரம் ஆகும்?

வாசல் கிழக்கு. அதிலும் கோபுரமில்லாத அஷ்டசக்தி மண்டப வாசல் வழியாக நுழையுங்கள். நேரே அம்மன் சன்னதிக்கு இட்டுச் செல்லும். மதுரையில் அம்மனைக் கும்பிட்ட பிறகுதான் சுவாமி. வீட்டிலும் அம்மா பேச்சு எடுபட்டால் 'இது மதுரை ஆட்சி' என்று சொல்வது இதை வைத்துத்தான்.

செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு வந்த கட்டுப்பாடு. வாசலிலேயே பாதுகாப்பு அறை இருக்கிறது. கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பம் பிரிந்தால் தேடச் செல்போன் இருக்காது என்பதால், பொற்றாமரைக் குளத்தின் வடகரைப் படியில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அங்கிருந்து பார்த்தால் தெற்குக் கோபுரம் முழு உருவில் தெரியும். பதினான்கு கோபுரங்களில் அதுதான் உயரம், சுமார் 170 அடி. 1559இல் சிராமலை செவ்வந்தி மூர்த்தி செட்டியார் கட்டியது. வடக்குக் கோபுரத்துக்கு மொட்டைக் கோபுரம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு வரை உச்சி கட்டப்படாமலே நின்றது.

மதியம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் திறக்கும். பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கிக் கதவைப் பார்த்து நிற்காதீர்கள். முழுமையாகப் பார்க்க மூன்று மணி நேரம். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள். 1569இல் அரியநாத முதலியார் எடுத்தது. அங்கே நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். முக்குறுணி விநாயகரையும் பார்த்துவிடுங்கள். பெயருக்குக் காரணம், சதுர்த்தியன்று முக்குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் அவருக்குச் செய்யும் ஒரே கொழுக்கட்டை.

இன்னொரு தேதியையும் நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள். 1939 ஜூலை 8. அன்றுதான் மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். உங்களோடு வரிசையில் நிற்கும் எல்லோரும் இன்று உள்ளே போக முடிவதன் பின்னால் அந்தக் காலை இருக்கிறது.

புது மண்டபத்துத் தையல்காரர்கள் இன்னும் இருக்கிறார்களா?

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. பல தலைமுறையாக அதற்குள் கடைகள் இருந்தன: பாத்திரம், புத்தகம், வளையல், வரிசையாகத் தையல் மெஷின்கள். யாளியின் காலடியில் உட்கார்ந்து ஒருவர் பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். என் முதல் முழுக்கால் சட்டை அங்கே தைத்தது. அந்தக் கடைகளை இப்போது அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் மூச்சு விடுகிறது, சிற்பங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. கல் யானை கரும்பு தின்னும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். ஆனாலும் அந்த மெஷின் சத்தம் இல்லாத மண்டபத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

மண்டபத்துக்குக் கிழக்கே ராய கோபுரம் என்று ஒரு முடியாத கோபுரம் நிற்கிறது. கல் அடித்தளம் மட்டும்தான். கட்டி முடித்திருந்தால் எல்லாக் கோபுரங்களையும் மிஞ்சியிருக்கும் என்பதை அதன் நிலைக்கால்களின் உயரமே சொல்லும்.

எங்கே, என்ன சாப்பிடுவது?

நடந்துகொண்டே சாப்பிடுங்கள், ஒரே ஹோட்டலில் உட்கார்ந்து வயிற்றை நிரப்பிவிட்டால் மீதி ஊர் வீணாகிவிடும். காலையில் இட்லியும் நாலு வகைச் சட்னியும். மாலையில் பருத்திப் பால்: பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டது. நடந்த கால்வலிக்கு இதமாக இருக்கும். வெயிலில் ஜிகர்தண்டா, அதுவும் விளக்குத்தூண் பக்கத்தில். பாலைச் சுண்டக் காய்ச்சுவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கறி தோசை: கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக் கறி. அயிரை மீன் குழம்பு கிடைக்கும் நாளில் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

இரவில் நடக்கலாமா?

கட்டாயம் நடக்க வேண்டும். சங்க காலத்திலேயே நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிக் கடைவீதி வைத்திருந்த ஊர் இது. கோயிலில் இரவு ஒன்பதரை மணியளவில் பள்ளியறை பூஜை. சுவாமியின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்கு எடுத்து வருவார்கள். நாதஸ்வரம் அடங்கிய குரலில் ஒலிக்கும், சாம்பிராணிப் புகை பிரகாரம் முழுக்க நிறையும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் சித்திரை வீதியில் கல் தரை இன்னும் பகல் வெயிலின் வெதுவெதுப்போடு இருக்கும். குடும்பம் குடும்பமாகத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் உட்காருங்கள். பத்து மணிக்கு மேல் தள்ளுவண்டி இட்லிக் கடையில் ஆவி பறக்கும். கீழ மாசி வீதியில் லாரிகள் சரக்கு இறக்கும்.

எந்த மாதம் வரலாம்?

மார்கழியும் தையும். மாசி பாதி வரை பரவாயில்லை. சித்திரை, வைகாசியில் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை நடக்கவே வேண்டாம். கோயிலில் வெறுங்காலோடு கல்லில் நிற்க முடியாது. சித்திரைத் திருவிழாவுக்கு வருவதானால் அது வேறு கணக்கு: காரை வீட்டில் விட்டு ரயிலில் வாருங்கள்.

என்ன செருப்பு?

கழற்றி மாட்ட எளிதானது. நாளுக்குப் பத்து முறை கழற்ற வேண்டியிருக்கும்.

ஊரிலிருந்து என்ன வாங்கிப் போவது?

சுங்குடிச் சேலை. மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாழும் சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பாட்டி முடிச்சுப் போடுவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். துணியைக் கடுகளவு கிள்ளி எடுத்து, நூலால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்குவார். கண் துணியில் இல்லை, எங்களோடு பேசிக்கொண்டே இருக்கும். விரல் நகம் மட்டும் இடம் அறியும். சாயத்தில் தோய்த்துக் காய்ந்தபின் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தால் படபடவென்று முடிச்செல்லாம் தெறிக்கும். முடிச்சிருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த புள்ளிச் சேலையையும் சுங்குடி என்றே விற்கிறார்கள். புள்ளியைத் தடவிப் பாருங்கள். கையால் கட்டியதில் சுருக்கத்தின் தடம் விரலில் படும், புள்ளிகளும் ஒன்றுபோல் இருக்காது. விலை கூடத்தான் இருக்கும், பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

மல்லிகையை ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால், கிளம்பும் நாள் காலையில் மொட்டாக வாங்கி ஈரத் துணியில் சுற்றுங்கள். கார் திருச்சி சேர்வதற்குள் மலர்ந்துவிடும்.

வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் இவ்வளவு நடப்பார்களா?

ஒரே மூச்சில் வேண்டாம். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஒரு பாதி, மாலை ஐந்துக்கு மேல் மறு பாதி. நடுவில் அறைக்குத் திரும்பித் தூங்கட்டும். கோயில் திண்ணைகள், குளப் படிகள், மண்டபங்கள் எல்லாம் உட்காருவதற்கென்றே கட்டியவை. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரை மஹால் வரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, நாங்கள் நடந்துபோய்ச் சேர்ந்துகொள்வோம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதை விடுவது?

ஆற்றுக்கு வடக்கே இருப்பதை அடுத்த முறைக்கு வையுங்கள். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகம் அவசரமாகப் பார்க்கக் கூடியது இல்லை. சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மேல மாசி வீதி அறையைப் பார்த்த மறுநாள் அதைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது நாள் காரை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

கீழடி. மதுரையிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். 2014-15இல் தொடங்கிய அகழாய்வில் செங்கல் சுவர்கள், உறைகிணறுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கரிமக் காலக் கணிப்பில் ஒரு மாதிரி கி.மு. ஆறாம் நூற்றாண்டைக் காட்டியது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஓட்டில் ஆதன் என்ற பெயரைப் படிக்கும்போது, முதல் நாள் நடந்த தெருக்களின் பெயர்ப் பலகைகள் ஞாபகத்துக்கு வரும்.

போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் காரை ஓரமாக நிறுத்துங்கள். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது, ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி, நடுவில் மைய மண்டபம். கோயிலில் பார்த்தீர்களே முக்குறுணி விநாயகர், அவர் இந்தக் குளம் தோண்டும்போது கிடைத்தவர் என்பது ஊர் நம்பிக்கை. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் இங்கே தெப்பத்தில் வலம் வருவார்கள். மற்ற நாட்களில் மாலை ஐந்தரை மணிக்கு வந்தால், ஊர்க்காரர்கள் நாலு கரையையும் சுற்றி நடந்துகொண்டிருப்பார்கள். சுண்டல் வாங்கிக்கொண்டு அவர்களோடு ஒரு சுற்று நடந்துவிட்டு, இருட்டுவதற்குள் சாலையைப் பிடியுங்கள்.